கைமணத்தார் ஏழு நாட்டுச் சாப்பாடு சாப்பிட்ட மத்தியானம்

'நாக்கு செத்துப்போச்சு' என்று நாமெல்லாம் சும்மா சொல்வோம். நாலு நாள் காய்ச்சலில் கஞ்சி குடித்தால் சொல்வோம். விடுதியில் இருந்து வரும் பிள்ளைகள் வீட்டு வாசலிலேயே சொல்வார்கள். கைமணத்தாருக்கு அது நிஜமாகவே செத்துப்போயிருந்தது. கூடவே மூக்கும். பதினோரு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சூடு தெரியும், குளிர் தெரியும், மொறுமொறுப்பு தெரியும். மற்றபடி சர்க்கரையும் மண்ணும் அவருக்கு ஒன்றுதான்.

வேறு யாருக்காவது வந்திருந்தால் பொறுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவர் அறுநூறு பேர் வேலை செய்யும் துணிக் கம்பெனியின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரர். அவர் கை பட்டால் வெந்நீரும் மணக்கும் என்பார்கள். அதனால்தான் அந்தப் பெயரே. சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது.

விஷயம் இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று அவர், இன்னொன்று அவர் மனைவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அறுநூறு பேர் சோற்றில் அதைப் பதினோரு மாதம் மறைத்தார்கள்.

அவள் கம்பெனிக்கு எதிரே இருந்த தையல் கடையில் காஜா எடுக்கிறவள். தினமும் பதினோரு மணிக்கு அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்துக்கொண்டு கேன்டீன் பின்வாசலுக்கு வருவாள். "என்ன அக்கா, இன்னைக்கு என்ன குழம்பு?" என்று இரண்டாவது சமையல்காரியிடம் கேட்டுக்கொண்டே ஒரு கரண்டி வாங்கி நாக்கில் வைப்பாள். பிறகு வந்து கணவர் பக்கத்தில் நிற்பாள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் கால் பார்த்துக்கொள்ளும். பெருவிரலால் அவர் கால்மேல் ஒரு தட்டுத் தட்டினால் உப்பு, இரண்டு புளிப்பு, மூன்று இனிப்பு, நான்கு காரம், ஐந்து கசப்பு. அழுத்தித் தட்டினால் அதிகம், பட்டும் படாமல் தட்டினால் குறைவு. குதிகாலால் ஒரே அழுத்து அழுத்தினால் எல்லாம் சரி. தையல் மெஷின் மிதித்த கால், கணக்குத் தப்பாது.

மூன்று மாதத்துக்கு முன் புது மேனேஜர் வந்தார். பெண்மணி. கையில் எப்போதும் ஒரு நோட்டு இருக்கும். போன வாரம் அவர் கைமணத்தாரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"அண்ணே, வேலைக்குப் பல நாட்டுலேருந்து ஆளுங்க வர்றாங்க. வாரத்துல ரெண்டு நாள் வேற வேற நாட்டுச் சாப்பாடு போடணும்னு மேல சொல்றாங்க. வெளியாளு ஒருத்தர் கேன்டீனை மொத்தமா காண்ட்ராக்ட் எடுக்கறேன்னு வர்றாரு. எனக்கு நீங்க இருக்கும்போது அவரு எதுக்குன்னு தோணுது."

"சரிங்க மேடம்."

"முக்கு ரோட்டுல ஒரு ஓட்டல் திறந்திருக்காங்க. ஏழு நாட்டுச் சமையல் ஒரே இடத்துல. சனிக்கிழமை மத்தியானம் போவோம். சாப்பிட்டுப் பாத்து எதுல என்ன இருக்கு, எது நம்மால முடியும்னு சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா நீங்கதான் தலைமை, காண்ட்ராக்ட்காரரை நான் அனுப்பிடறேன். ஸ்டோர்காரரும் வரட்டும். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

கடைசி வரியைக் கேட்டுத்தான் கைமணத்தாருக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் கையிலிருந்த ஊசியை மெதுவாகத் துணியில் குத்தி வைத்தாள்.

"நம்ம குழம்புன்னா எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். அதுல இருந்து கூடவா குறையவான்னு சொல்லிடுவேன். அந்தச் சாப்பாடெல்லாம் எப்படி இருக்கணும்னே எனக்குத் தெரியாதேங்க. எதை வச்சு எதைச் சொல்றது?"

"ருசி எந்த ஊர்ல போனாலும் ஆறுதானே?"

"நாம அஞ்சுதான் தட்டறோம். துவர்ப்பு வந்தா?"

"வந்தா இருமு."

"ஆறும் இல்லாம ஏழாவதா ஒண்ணு வந்தா?"

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

சனிக்கிழமை ஓட்டலுக்குள் நுழைந்ததும் முதல் இடி. நாலு பேர் உட்காரும் மேசை. கணவர் பக்கத்தில் உட்கார அவள் நாற்காலியை இழுத்தபோது மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இங்க வாங்கக்கா, ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் இருக்கட்டும்." மறுக்க முடியுமா? கைமணத்தாருக்கு நேர் எதிரே மேடம். ஸ்டோர்காரருக்கு நேர் எதிரே இவள். கணவர் கால் குறுக்கே எட்ட இருந்தது. எட்டும், ஆனால் குத்துமதிப்பாகத்தான் எட்டும்.

இங்கே ஸ்டோர்காரரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல மனிதர். இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும். எல்லோரும் அவரைச் சாவிக்கொத்து என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம். உட்கார்ந்தால் காலாட்டுவார். குடும்பத்துக்கு ஆகாது என்று பெற்றவள் திட்டிப் பார்த்தாள், கட்டியவள் உதைத்துப் பார்த்தாள். நின்றபாடில்லை. அன்றைக்கும் உட்கார்ந்த மறுநிமிடமே மேசைக்கு அடியில் அவருடைய செருப்பு கைமணத்தாரின் வலது காலை உரச ஆரம்பித்துவிட்டது. மேசைத்துணி தரை வரை தொங்கியது. யார் கால் யார் கால்மேல் என்று யாருக்குத் தெரியும்?

மெனு அட்டை பள்ளிக்கூடத்து உலக வரைபடப் புத்தகம் போல இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் படம். சாவிக்கொத்து புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"மேடம், இதுல மீனைப் பச்சையா படம் எடுத்துருக்காங்க. வேகறதுக்கு முன்னாடி எடுத்தது போல."

"அது அப்படியேதான் வரும்."

"அப்படியேவா? அப்போ சமையல்காரருக்கு என்ன வேலை?"

மேடம் சிரித்துக்கொண்டே சூப், பீட்சா, நூடுல்ஸ், வெள்ளைச் சாஸ் ஊற்றிய பாஸ்தா, அந்தப் பச்சை மீன் வைத்த சுஷி, தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சை நிறக் குழம்பு, கேரமல் புட்டிங் என்று ஏழு சொன்னார். நோட்டைத் திறந்து பேனாவை எடுத்து வைத்தார்.

முதலில் சூப் வந்தது. கைமணத்தார் ஒரு கரண்டி வாயில் விட்டார். சூடாக இருந்தது, அவ்வளவுதான். காலைத் தயாராக நீட்டி வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. சரி, கசப்பு. ஆறு. ஏழு. நிற்கவில்லை. பதினேழு வரை எண்ணிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஒன்றும் அறியாதவள் போலச் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிண்ணே?" என்றார் மேடம்.

"இதுல..." திருதிருவென்று விழித்தார். "இதுல எல்லாம் இருக்கு மேடம்."

மேடம் நோட்டில் 'சூப்: எல்லாம்' என்று எழுதினார். எழுதிவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பீட்சா வந்தது. அவள் ஒரு துண்டு கடித்தாள். உப்பு தூக்கல். காலைக் குறுக்கே நீட்டி, தட்டுப்பட்ட காலின்மேல் அழுத்தி ஒரு தட்டுத் தட்டினாள். தட்டுப்பட்டது சாவிக்கொத்தின் கால்.

சாவிக்கொத்துக்கு வெலவெலத்துவிட்டது. வீட்டில் தன் மனைவி செய்வதையே இந்த அம்மாவும் செய்துவிட்டாள் என்று நினைத்தார். ஊரான் வீட்டுப் பெண்பிள்ளை பொது இடத்தில் காலை மிதித்து அடக்க வேண்டிய அளவுக்கா ஆட்டியிருக்கிறோம்! காலைச் சட்டென்று நிறுத்தினார். மேசைமேல் குனிந்து, "மன்னிச்சுக்கம்மா தங்கச்சி" என்றார்.

"எதுக்குண்ணே?" என்றாள் அவள்.

"இல்லை, பழக்கம்."

என்ன பழக்கம் என்று அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்தப் பக்கம் கைமணத்தார் காலில் ஒரு தட்டும் விழவில்லை. காத்திருந்தார். பூச்சி ஊர்ந்தால்கூடத் தெரியும்படி காலை விறைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றுமில்லை.

"இதுல ஒண்ணுமே இல்லை மேடம்" என்றார்.

"ஒண்ணுமே இல்லையா? சீஸ் இவ்வளவு போட்டிருக்கானே!"

சாவிக்கொத்து உதவிக்கு வந்தார். "அண்ணன் சொன்னா சரியாத்தான் மேடம் இருக்கும். நானும் அப்பலேருந்து மெல்றேன். ரப்பரு."

மேடமும் இன்னொரு கடி கடித்து யோசித்தார். "நீங்க சொன்னப்புறம் எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

பரிமாறுகிற பெண் எது தயாரோ அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கடைசியில் வர வேண்டிய புட்டிங் நடுவிலேயே வந்துவிட்டது. குலுங்கக் குலுங்க வந்தது. எல்லோரும் ஆளுக்கொரு கரண்டி எடுத்தார்கள். சாவிக்கொத்துக்கு இனிப்பு என்றால் உயிர். மகிழ்ச்சியில் கால் தன்னையறியாமல் நாலு ஆட்டம் ஆடியது. மறுபடியும் மிதி விழுந்து ஞாபகம் வந்து நின்றது.

நான்கு. அழுத்தமாக. கைமணத்தாருக்கு அப்பாடா என்றிருந்தது. தெளிவான செய்தி.

"இது நல்லாயிருக்கு மேடம். காரம் மட்டும் கொஞ்சம் தூக்கல்."

மூன்று கரண்டிகள் பாதியில் நின்றன.

"காரமா?" என்றார் மேடம்.

அவள் கணவரைப் பார்த்த பார்வையில் மேசைத்துணி பற்றிக்கொண்டிருக்க வேண்டும். புட்டிங்குக்கு அவள் மூன்று தட்டியிருந்தாள். ஆசையாகக்கூடத் தட்டியிருந்தாள்.

சாவிக்கொத்து இன்னொரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, வாய்க்குள் உருட்டினார். "ஆமா மேடம். அடி நாக்குல லேசா இருக்கு. நமக்கெல்லாம் தெரியாது. இவரு பெரிய கைகாரரு."

மேடமும் எடுத்தார். அவர் முகத்தில் இருக்கிறதா இல்லையா என்று ஒரு போராட்டம் நடந்தது. அந்தச் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று அங்கிருந்த நாலு பேரில் ஒருவருக்கும் தெரியாது. கைமணத்தாருக்கு மட்டும் தெரியும் என்று மூன்று பேர் வெளியே காட்டிக்கொண்டார்கள், அவரும் காட்டிக்கொண்டார். மேடம் 'காரம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

கைமணத்தாருக்கு வியர்த்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அவள் கோபமாக இருக்கிறாளா? ஏதாவது புது முறையில் தட்டுகிறாளா? பதினோரு மாதமாகக் கணக்குத் தப்பாத கால், இன்றைக்குப் பார்த்து ஏன் இப்படிப் பேசுகிறது?

அந்தக் குழப்பத்தில்தான் பாஸ்தா, நூடுல்ஸ், சோற்றோடு பச்சைக் குழம்பு எல்லாவற்றோடும் சுஷியும் வந்தது. மரப்பலகைமேல் எட்டுத் துண்டு, ஓரத்தில் கோலிக்குண்டு அளவு பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று. நாற்பது வருடம் சமைத்த கண் அதைப் பார்த்த மாத்திரத்தில் துவையல் என்று முடிவு செய்தது. துவையலைத் தனியாகப் பார்த்தால்தான் அரைத்தவன் கை தெரியும் என்பது அவர் கட்சி. மேடம் "அண்ணே, அது வசாபி, கடுகு மாதிரி மூக்குல..." என்று சொல்லி முடிப்பதற்குள் முழு உருண்டையையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஒரு வினாடி ஒன்றுமில்லை. அடுத்த வினாடி மூக்குக்குள் யாரோ கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நெற்றி வரை ஏறியது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. மேசையைக் கையால் அடித்தார். மேடம் தண்ணீரை நீட்டினார். அவர் தண்ணீரைத் தள்ளிவிட்டார்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார். "வந்துடுச்சும்மா!"

"என்ன வந்துடுச்சு? டாக்டரைக் கூப்பிடட்டுமா?" மேடம் எழுந்துவிட்டார்.

"தண்ணி குடிங்கண்ணே, நெஞ்சைப் பிடிக்கப் போவுது!" என்றார் சாவிக்கொத்து.

அவளுக்கு மட்டும்தான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். பதினோரு மாதத்துக்குப் பிறகு அவர் மூக்குக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

கைமணத்தார் அழுதுகொண்டே சிரித்தார். பசித்த பிள்ளை போலப் பாஸ்தாவை இழுத்து ஒரு வாய் போட்டார். மென்றார். மெல்லுவது மெதுவானது. அதைத் தள்ளிவிட்டு நூடுல்ஸ். பிறகு பச்சைக் குழம்பு. பிறகு ஆறிப்போன சூப். பிறகு புட்டிங்கை விரலாலேயே எடுத்து நாக்கில் வைத்து, வெகுநேரம் அப்படியே இருந்தார்.

மண். எல்லாம் மண்.

வந்தது ருசியில்லை. எரிச்சல். நாக்கு செத்தவனுக்கும் மிளகாய்ப் பொடி கண்ணில் விழுந்தால் எரியத்தானே செய்யும்? அந்த மாதிரி. கரண்டியைத் தட்டின் ஓரத்தில் சத்தமில்லாமல் வைத்தார்.

மேடம் மெதுவாக உட்கார்ந்து, பேனாவை எடுத்தார். "சரிண்ணே. எல்லாம் பாத்தாச்சு. இதுல முதல்ல எதை நம்ம கேன்டீன்ல செய்யலாம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் காலை நீட்டவில்லை. தலை குனிந்திருந்தாள்.

"எனக்கு எதுலயும் ருசி தெரியலை மேடம்."

"எனக்கும்தான். பேருதான் பெருசு இந்தக் கடைக்கு."

"அதில்லை மேடம். எனக்கு நாக்கே இல்லை. மூக்கும் இல்லை. பதினோரு மாசமாச்சு."

மேடம் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை. "அப்போ... இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம்?"

"இவ கால் சொன்னது."

"யாரு கால்?"

"என் சம்சாரம். ஒண்ணு தட்டினா உப்பு. ரெண்டுன்னா புளிப்பு."

"நான் சரியாத்தாங்க தட்டினேன்!" என்றாள் அவள். "நீங்கதான் ஏறுக்குமாறா சொல்லிக்கிட்டே போனீங்க."

சாவிக்கொத்து தன் காலைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "தங்கச்சி, அப்போ நீங்க மிதிச்சது காலாட்டாதேன்னு சொல்ல இல்லையா?"

"ஐயையோ, அது உங்க காலா!"

மேடம் மேசைத்துணியைத் தூக்கிக் கீழே குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று அவர் முகத்துக்கே தெரியவில்லை. நோட்டைத் திருப்பி, "எல்லாம் இருக்கற சூப்" என்று முணுமுணுத்தார். சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது.

"அண்ணே, கேஸ் கசிஞ்சா?"

மேடம் நோட்டை மேசைமேல் வைத்தார்.

"பால் கெட்டுப்போனா? எண்ணெய் சிக்கு வாடை அடிச்சா? அக்கா பதினோரு மணிக்கு வர்றாங்க. ஏழு மணிக்கு அடுப்புப் பத்த வைக்கறது நீங்க. அறுநூறு பேருண்ணே."

கைமணத்தார் உப்பு கூடுமா குறையுமா என்று பதினோரு மாதம் பயந்திருக்கிறார். வேலை போய்விடுமே என்று பயந்திருக்கிறார். கேஸைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லை. இப்போது நினைத்துப் பார்த்தார்.

"தப்புதான் மேடம்" என்றார். "காண்ட்ராக்ட்காரரை வரச் சொல்லிடுங்க."

மேடம் மிச்சமிருந்த நூடுல்ஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தார். "இதை எப்படிச் செஞ்சிருப்பாங்கன்னு பாத்தாவது சொல்ல முடியுமா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

கைமணத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு இழையைத் தூக்கினார். "ரெண்டு நிமிஷம் கூட வெந்துருக்கு. வடிச்சதும் பச்சத்தண்ணில அலசலை, அதான் ஒட்டுது. இந்தப் பீட்சா மாவு இன்னைக்குப் பிசைஞ்சது இல்லை, ஐஸ்ல இருந்து எடுத்தது. ஓரத்துல ஒரு கொப்புளம்கூட இல்லை பாருங்க. அந்தக் குழம்புல தேங்காய்ப்பாலை ஊத்திட்டுக் கொதிக்க விட்டுட்டாங்க, திரிஞ்சு நிக்குது. இது மூணும் நம்மால செய்யலாம். அந்த மீன் நமக்கு வேண்டாம் மேடம். அதுக்குக் கத்தியும் வேற, பொறுப்பும் வேற."

மேடம் வேகவேகமாக எழுதினார். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் போனார். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்:

"திங்கட்கிழமையிலேருந்து தலைமை நீங்க இல்லை. ரெண்டாவது சமையல்காரம்மாதான். அடுப்புப் பத்த வைக்கறது, ருசி பாக்கறது, சரின்னு கையெழுத்துப் போடறது எல்லாம் அவங்க. நீங்க அவங்களுக்குக் கீழ. பக்குவம் சொல்லிக்கொடுங்க. இந்த வாரமே டாக்டரைப் பாத்துச் சீட்டு கொண்டு வரணும். காண்ட்ராக்ட்காரருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

"சரிங்க மேடம்."

"அக்கா, நீங்க பின்வாசல் பக்கம் வரக்கூடாது."

"சரிம்மா" என்றாள் அவள்.

மேடமும் சாவிக்கொத்தும் கைகழுவப் போனார்கள். கணவனும் மனைவியும் அரைகுறையாய்க் கிடந்த ஏழு தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். வேலை இருக்கிறது. தலைமை இல்லை. மறைக்க ஒன்றும் இல்லை. ஜெயித்தோமா தோற்றோமா என்று கைமணத்தாருக்கு விளங்கவில்லை. கேட்கலாம் என்று அவள் பக்கம் திரும்பினார். அவள் அந்தப் பச்சைக் குழம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, இப்போ நான் எனக்காகச் சாப்பிடலாமா? இவ்வளவு நேரம் நாக்குல வச்சதெல்லாம் காலுக்குப் போயிடுச்சு. ஒண்ணும் உள்ள இறங்கலை."

பதினோரு மாதமாக அவள் எதைத் தின்றாலும் அதைத் தனக்காகத் தின்னவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். எழுந்து வந்து, மேடம் உட்கார்ந்திருந்த நாற்காலியில், அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் சோற்றில் அதை ஊற்றி, கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள். அவசரமில்லாமல் மென்றாள்.

"எப்படி இருக்கு?" என்றார்.

அவள் கண்ணை எங்கோ வைத்து யோசித்தாள். புருவத்தைச் சுருக்கினாள். ஏதோ சொல்ல வந்து, இல்லை என்று தலையாட்டினாள்.

"எதைப் போலவும் இல்லைங்க" என்றாள். "இருங்க, இன்னொரு வாய் சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

அவர் காத்திருந்தார்.